பழைய ஃபைபர் பாய்மரப் படகு: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

1959-இல் அறிமுகமான பியர்சன் ட்ரைட்டன் வகைப் படகுகளில் பல இன்னும் பாய் விரித்து ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய அடிக்கூடு எளிதில் கெடுவதில்லை. கெடுவது பெரும்பாலும் அந்தக் கூட்டில் போட்ட துளைகளைச் சுற்றித்தான். ஒவ்வொரு போல்ட்டும், வால்வும், ஜன்னலும் தண்ணீருக்கு ஒரு வாசல். பழைய படகில் நான் மறுபடி மறுபடி சரிசெய்த பழுதுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு துளையில் தொடங்கியவை.

எனவே கீழே உள்ளதைப் பயன்படுத்தும்போது ஒரே ஒரு ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். அறிகுறியைத் தேடி எடுங்கள். முதலில் சொல்லப்பட்ட காரணத்தை முதலில் சோதியுங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போங்கள். கையில் டார்ச், சிறு கண்ணாடி, டிஷ்யூ தாள், பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், மல்டிமீட்டர் இருந்தால் முக்கால்வாசிச் சோதனைகளை முடித்துவிடலாம். ஃபைபரைத் தேய்க்கும் வேலை என்றால் தூசிக்கு ஏற்ற முகமூடியும் கண் கவசமும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

பில்ஜில் தண்ணீர் தேங்குகிறது

படகின் அடிப்பள்ளமான பில்ஜ், மேலேயும் பக்கத்திலும் கசியும் எல்லாத் தண்ணீரும் வந்து சேரும் இடம். அங்கே நிற்கும் தண்ணீரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் முழுவதையும் இறைத்து, நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். கழுவும் படியை விட்டுவிடாதீர்கள்: பழைய உப்பு ஒட்டியிருந்தால் மழைநீரும் உப்புக்கரிக்கும், சோதனை தவறான பக்கம் இழுத்துச் செல்லும்.

மறுநாள் சேர்ந்திருக்கும் தண்ணீரில் சில துளிகளைக் கறுப்புத் தகட்டில் விட்டுக் காயவையுங்கள். வெள்ளைப் படிகம் தங்கினால் கடல்நீர். தங்காவிட்டால் மழைநீர் அல்லது குடிநீர்த் தொட்டியின் நீர். பில்ஜ் நீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் டீசலும் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும், வேண்டாம். ஏரியில் மிதக்கும் படகுக்கு இந்தச் சோதனை உதவாது. மழையில்லாத நாள்களிலும் தண்ணீர் ஏறுகிறதா என்பதே அங்கே கேள்வி.

*நல்ல தண்ணீர் என்றால்*

குடிநீர்த் தொட்டியின் இணைப்புகளைப் பாருங்கள். அழுத்த பம்பு யாரும் குழாயைத் திறக்காதபோதும் அவ்வப்போது தானாக ஓடி நின்றால், கசிவு அந்தக் குழாய்களில்தான் இருக்கிறது. பம்பு அமைதியாக இருந்தால் மழைநீரைச் சந்தேகியுங்கள். படகின் அடியில் கனமாக இறங்கியிருக்கும் பகுதியான ஏராவரை பாய்மரம் இறங்கி நிற்கும் படகுகளில், கயிறுகள் வெளிவரும் துளைகள் வழியாக மழைநீர் மரத்தின் உள்ளேயே இறங்கி நேராக பில்ஜுக்கு வரும்; இது பழுதல்ல, அமைப்பின் இயல்பு. அதுவும் இல்லையென்றால் மேல்தளக் கசிவு. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

*உப்புத் தண்ணீர், படகு சும்மா நிற்கும்போதும் ஏறுகிறது*

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு துளையையும் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்.

முதலில் ஹோஸ் கவ்விகள். வால்வுக்கும் ஹோஸுக்கும் நடுவே டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும். கவ்வியின் மேற்பகுதி பளபளப்பாக இருக்க, அடிப்பகுதி துருவில் அறுந்திருப்பது சாதாரணம். கண்ணாடி வைத்து அடியைப் பாருங்கள். இடமிருந்தால் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கவ்விகள் போடுங்கள்.

அடுத்தது வால்வு. கைப்பிடி திரும்பவில்லையென்றால் கம்பி வைத்து நெம்பாதீர்கள். உள்ளே அரித்துப்போன வால்வு கழன்று கையோடு வந்தால், அந்தத் துளையின் அளவுக்குக் கடல் உள்ளே வரும். கத்தி முனையால் உலோகத்தைச் சிறிது சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் வலுவற்ற செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த வால்வை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் படகைக் கரையேற்றித்தான். மாற்றும்போது கடல் வேலைக்குரிய வெண்கலம் அல்லது வலுவூட்டிய பிளாஸ்டிக் வால்வைப் போடுங்கள். கட்டடக் குழாய்களுக்கான பித்தளை வால்வு பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஏமாறாதீர்கள். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதே அளவுள்ள கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய படகுக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இவ்வளவு மலிவாக உயிர் காப்பது வேறொன்றில்லை.

வால்வுகள் எல்லாம் உலர்ந்திருந்தால், சுக்கான் தண்டு நுழையும் குழாய். அதன்பிறகு ஏராவின் போல்ட்டுகள். போல்ட்டைச் சுற்றித் துரு கலந்த நீர் ஊறினால் கீழே “கீறல்கள்” என்ற தலைப்பைப் படியுங்கள். அதற்குமுன் கடலுக்குப் போக வேண்டாம்.

*எஞ்சின் ஓடும்போது மட்டும் ஏறுகிறது*

புரொபெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் நீரை அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸைப் பாருங்கள். பழைய வகையில் தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது சரியே. அந்த நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தாரையாக ஓடினால் பூட்டு நட்டைத் தளர்த்தி, பெரிய நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, மறுபடி பூட்டுங்கள். பிறகு எஞ்சினைக் கியரில் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, தண்டு அசையாதபோது நட்டைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் இறுக்கம் அதிகம், தண்டு தேய்ந்துவிடும். இறுக்கியும் சொட்டு நிற்கவில்லையென்றால் உள்ளே திரித்து வைத்திருக்கும் பேக்கிங் வளையங்களை மாற்றுங்கள். பழையவற்றை முழுவதும் எடுத்துவிட்டு, புதியவற்றின் வெட்டுமுனைகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் திருப்பி வையுங்கள். கரையில் இருக்கும்போது இந்த வேலை மிக எளிது.

ஸ்டஃபிங் பாக்ஸ் சரியாக இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் அடியில் துளி நிற்கிறதா என்றும், புகைபோக்கி ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

*பாயில் சாய்ந்து ஓடும்போது மட்டும் ஏறுகிறது*

பலர் அடிக்கூட்டைப் பிளந்து தேடுவார்கள். பெரும்பாலும் பில்ஜ் பம்பின் வெளியேற்று ஹோஸே குற்றவாளி. சாயும்போது அதன் வாய் நீருக்குள் போக, கடல்நீர் பின்னோக்கி வழிந்து உள்ளே வருகிறது. ஹோஸை மேல்தளத்துக்கு அடியில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று வால்வு வையுங்கள். கழுவுதொட்டியின் வடிகாலும் இதே வழியில் நீரை ஏற்றும். இரண்டும் இல்லையென்றால் அடிக்கூடும் மேல்தளமும் சேரும் விளிம்பு. அந்த விளிம்பு நீளம் முழுவதும் பிரிந்திருந்தால் நிபுணரை அழைக்க வேண்டிய வேலை.

படுக்கைமேல் சொட்டுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பழுது இருக்கும் என்று நம்பாதீர்கள். மேல்தளம் இரண்டு ஃபைபர் தோல்களும் நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ உள்ள அடுக்கு. அதன் அடியில் உட்கூரையும் உண்டு. ஒரு துளையில் நுழைந்த நீர் உட்கூரைமேல் ஓடி, பல அடி தள்ளி ஏதாவது ஒரு திருகில் சொட்டும்.

சோதனை இருவர் செய்ய வேண்டியது. ஒருவர் உள்ளே டார்ச்சுடன், உட்கூரையில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு இருக்கட்டும். மற்றவர் வெளியே குழாய்நீரைப் பீய்ச்சாமல் மெல்ல ஓடவிடட்டும். மிகத் தாழ்ந்த இடத்தில் தொடங்குங்கள்: முதலில் விளிம்பு, பிறகு பாதுகாப்புக் கம்பியின் கால்கள், பிறகு பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பூட்டும் தகடான செயின்பிளேட், ஜன்னல், கடைசியாக மேலே உள்ள மூடி. ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கீழே உள்ள எல்லாத் துளைகளிலும் நுழைந்து சோதனையே வீணாகும்.

காரணங்களில் முதலிடம் பாதுகாப்புக் கம்பியின் கால்களுக்கு. ஏறுகிறவர்கள் அதைப் பிடித்து இழுப்பதால் அடித்தகடு ஆடி, அடைப்புப் பசை விட்டுப்போகிறது. அடுத்து செயின்பிளேட், பிறகு ஜன்னல் சட்டம்.

சரிசெய்ய ஒரே வழி, கழற்றிப் புதிதாகப் பதிப்பது. வெளி ஓரத்தில் சிலிகோனைப் பூசி வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது சில வாரம் கசிவை மறைக்கும். உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் நடு அடுக்கை அழுகவைக்கும். அடுத்த முறை எந்தப் பசையும் அந்த இடத்தில் பிடிக்காது.

பதிக்கும் முறை இது. தகட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட் துளையை 12 மில்லிமீட்டராகப் பெரிதாக்குங்கள். வரும் மரத்தூள் உலர்ந்து வெளிறியிருந்தால் நல்லது. ஈரமாகக் கறுத்து வந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். அடியில் டேப் ஒட்டி, துளையைக் கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினால் நிரப்பி இறுகவிட்டு, நடுவே மறுபடி 6 மில்லிமீட்டர் துளையிடுங்கள். இனி அந்த போல்ட் கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. எபாக்ஸி அதற்குக் கவசம். துளையின் வாயைச் சற்றே சரித்து, போல்ட்டின் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சுற்றி இறக்குங்கள். போல்ட்டைத் திருப்பாமல் அடியிலுள்ள நட்டை மட்டும் திருப்புங்கள். இரண்டு மூன்று நாள்களில், டேப் பிதுங்கப் பிதுங்க, சிறிது சிறிதாக இறுக்குங்கள். அடியில் சிறு வாஷர்களுக்குப் பதிலாக அகலமான தாங்கு தகடு வைத்தால் கால் ஆடுவதே நின்றுவிடும்.

ஜன்னலுக்கு வேறு எச்சரிக்கை. அக்ரிலிக், பாலிகார்பனேட் கண்ணாடிகளைப் பாலிசல்ஃபைட் பசை கெடுத்துவிடும். அசிட்டோனால் துடைத்தாலும் நுண்விரிசல் விழும். பின்னால் கழற்ற வேண்டிய எதையும் நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையால் பதிக்காதீர்கள். கழற்றும்போது ஃபைபர் தோலும் சேர்ந்து வரும்.

மேல்தளம் மிதித்தால் அமுங்குகிறது

பிளாஸ்டிக் சுத்தியலால் ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் தொப்பென்று ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் வரைந்தால் நோயின் வரைபடம் கிடைத்துவிடும். அது பெரும்பாலும் ஏதோ ஒரு போல்ட்டைச் சுற்றித்தான் இருக்கும்.

உள்ளங்கை அளவுதான், துளையிட்டால் வரும் தூளும் உலர்ந்தே இருக்கிறது என்றால், தோல் மட்டும் பிரிந்திருக்கிறது. சிறு துளைகள் வழியாக எபாக்ஸியை ஊசியால் செலுத்தி, மேலே எடை வைத்தால் போதும். தூள் ஈரமாக இருந்தால் செலுத்துவது பயனற்றது. ஈர மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. மேல்தோலை வெட்டித் திறந்து, அழுகியதைச் சுரண்டி, நன்றாக உலர்த்தி, புதிய பால்சாவோ நுரைப்பலகையோ எபாக்ஸியில் பதித்து, மூட வேண்டும். வெட்டிய ஓரங்களைத் தோலின் தடிமனைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவின்மேல் புதிய கண்ணாடியிழைத் துணி அடுக்குங்கள். நிதானமும் சில வார இறுதிகளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

பாய்மரத்தின் அடியிலோ செயின்பிளேட்டைச் சுற்றியோ அமுங்கினால் நீங்கள் தொடாதீர்கள். அங்கே தளம் பெரும் சுமை தாங்குகிறது.

கீறல்கள்

நட்சத்திரம்போல் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் ஏதோ கனமான பொருள் விழுந்திருக்கிறது. பெரும்பாலும் ஃபைபரின் மேலுள்ள வழவழப்பான பூச்சான ஜெல்கோட் மட்டும்தான் விரிந்திருக்கும். கீறலை வி வடிவில் திறந்து நிரப்பலாம். இணையான கோடுகளாகவோ, மூலைகளில் கொத்தாகவோ இருந்தால் அந்த இடம் வளைகிறது. அடியில் தாங்குதகடோ கூடுதல் அடுக்கோ கொடுக்காமல் நிரப்பினால் ஒரே பருவத்தில் திரும்ப வரும்.

ஏராவும் அடிக்கூடும் சேரும் இடத்தில், முன்முனையில், புன்னகைபோல் ஒரு கீறல் பல பழைய படகுகளில் தெரியும். நிரப்பிய பசை மட்டும் விரிந்திருந்தால் கவலை குறைவு. ஆனால் படகு எப்போதாவது தரைதட்டியிருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். முன்புறம் இடித்தால் ஏராவின் பின்முனை அடிக்கூட்டை மேலே தள்ளும். ஆகையால் பில்ஜில் ஏராவின் பின்முனைக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டங்களின் ஒட்டு பிரிந்திருக்கிறதா, வெண்மையாக நொறுங்கியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கறை, ஈரம், கீறல் திறந்து மூடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் படகைக் கரையேற்றி, படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழையுங்கள்.

2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ராஃபிக்கி என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக்கில் ஏராவை இழந்து கவிழ்ந்தது; அதிலிருந்த நால்வரும் திரும்பவில்லை. முந்தைய தரைதட்டல்களும் அவற்றுக்குப் பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அந்த இணைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைக் குழு சொன்னது. “லேசாகத்தான் தட்டியது” என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

நீருக்கடியில் கொப்புளங்கள்

ஒன்றைச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்து அடியில் ஜெல்கோட் வழவழப்பாக இருந்தால் பெயின்ட் பிடிக்காத கதை. தேய்த்துப் பூசினால் தீர்ந்தது. ஜெல்கோட்டே மேலெழுந்து, குத்தினால் காடி வாடையுள்ள பிசுபிசுப்பான திரவம் வந்தால், ஈரம் ரெசினைச் சிதைக்கிறது. அது அழுத்தத்தோடு தெறிக்கும், கண் கவசம் அவசியம்.

அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் ஒவ்வொன்றையும் நல்ல ஃபைபர் தெரியும்வரை தேய்த்துத் திறந்து, பல நாள் மறுபடி மறுபடி நல்ல தண்ணீரால் கழுவி, பல வாரம் உலர்த்தி, எபாக்ஸிக் கலவையால் நிரப்புங்கள். உலர்த்தும் காலத்தைக் குறைத்தால் கொப்புளம் அதே இடத்தில் வரும். அடிப்புறம் முழுவதும் பரவியிருந்தாலோ, திறந்தபின் இழைகள் உலர்ந்து பிரிந்து தெரிந்தாலோ, ஜெல்கோட்டை உரிக்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் விடுங்கள். பதற வேண்டாம்: கொப்புளத்தால் மூழ்கும் படகு மிக அரிது. செலவழிக்கக் கொஞ்சமே பணம் இருந்தால் அது வால்வுகளுக்குப் போகட்டும்.

பாயில் ஓடும்போது அறைக்கதவு சிக்குகிறது

கதவைச் சீவாதீர்கள். பாய்மரம் தளத்தின்மேல் நிற்கும் படகுகளில், அதன் சுமையை உள்ளே ஒரு தூணோ தடுப்புச் சுவரோ கீழே இறக்குகிறது. அதன் அடி ஈரத்தில் அழுகினால் தளம் இறங்கும், கதவுச் சட்டம் கோணும், பாய்மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பிகள் எவ்வளவு இறுக்கினாலும் தளரும். தூணின் அடியைக் கூர்முனையால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் பாய்மரத்தை இறக்கி, நிபுணரை வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

தூண் உறுதியாக இருந்து கம்பி மட்டும் தளர்ந்தால், செயின்பிளேட் பூட்டியுள்ள தடுப்புச் சுவரில் கறுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு, காற்று படாத ஈர இடுக்கில்தான் அரிக்கும். மேல்தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியைக் கழற்றிப் பார்க்காமல் செயின்பிளேட்டுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. கம்பிகளில் பழைய துணியைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். ஓர் இழை அறுந்து துணியில் மாட்டினாலும் அந்தக் கம்பி முடிந்தது. எதுவும் மாட்டாவிட்டாலும் 10 முதல் 15 ஆண்டு ஆன கம்பிகளை மாற்றுவதே வழக்கம்.

சுக்கான் ஆடுகிறது அல்லது இறுகுகிறது

ஆட்டம் என்றால் முதலில் கைப்பிடியின் போல்ட், பிறகு தண்டு சுழலும் உறைவளையங்களான புஷ்கள். கரையில் சுக்கானின் கீழ்முனையைப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். இறுக்கம் என்றால், நைலான் புஷ் நீர் குடித்து ஊதியிருக்கக்கூடும். கரையேற்றிப் பல நாளுக்குப் பிறகும் சுக்கானின் அடியிலிருந்து துருநீர் சொட்டினால் உள்ளே தண்டின் பற்றவைப்புகள் அரிக்கின்றன. அதைத் திறந்து பார்க்கும் வேலை பட்டறைக்கு.

எஞ்சின் சூடாகிறது, அல்லது ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

சூடானால் பின்புறம் புகையோடு நீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வரிசை இது: உள்வாங்கும் வால்வு, வடிகட்டி, பெல்ட், கடல்நீர் பம்புக்குள் சுழலும் இறகுச் சக்கரமான இம்பெல்லர். இம்பெல்லரின் இறகு உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளையும் தேடி எடுங்கள். அவை குளிர்விப்பானை அடைத்துக்கொள்ளும். நீர் குறைவாக வந்து, இவை எல்லாம் சரியென்றால் புகைபோக்கியின் வளைவுக்குழாய் கரியால் அடைந்திருக்கும்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள்: சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.7 வோல்ட் முழுமை, 12.2 பாதி. வோல்ட் சரியாக இருந்து மோட்டார் திணறினால், ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி முனைக்கும் அதோடு கம்பியால் இணைந்த மோட்டார் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஓர் இணைப்பு பச்சைப் பூத்திருக்கிறது. தொடர்ந்து சுழற்றிக்கொண்டே இருக்காதீர்கள்: எஞ்சின் பிடிக்காதபோதும் கடல்நீர் உள்ளே ஏறி சிலிண்டரை நிரப்பிவிடும். நீண்ட நேரம் முயல வேண்டுமானால் உள்வாங்கும் வால்வை மூடி, எஞ்சின் பிடித்ததும் உடனே திறந்துவிடுங்கள்.

விஞ்ச் வழுக்குகிறது

கயிற்றை இழுக்கும் உருளையான விஞ்சில், பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு கொண்டிகளே பாவல்கள். கிரீஸ் பூசிய பாவல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றிக் கழுவி, பல்சக்கரங்களுக்குக் கிரீஸும் பாவல்களுக்கு ஒரு துளி எண்ணெயும் மட்டும் இடுங்கள். சுருள்வில்கள் தெறித்துக் கடலில் விழாமலிருக்க, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை விஞ்சைச் சுற்றி வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

சர்வேயரை அழைக்கும் முன்

பில்ஜை உலர்த்தி வையுங்கள். தரைப்பலகைகள் எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள், லாக்கர்களைக் காலி செய்யுங்கள். பென்சிலால் வரைந்த எல்லைகளை அழிக்காதீர்கள். எந்த வால்வு, எந்தச் செயின்பிளேட் எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்ற பட்டியலும், படகு தரைதட்டிய விவரமும் அவர் கையில் இருக்கட்டும். மூடிய பலகைகளுக்கு அடியில் இருப்பதை அவர் பார்க்காமல் போனால், அறிக்கையில் “அணுக முடியவில்லை” என்று எழுதிவிட்டுப் போவார். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.